மிருகக்காட்சிசாலையும் மக்களின் கேள்வி கேட்கும் உரிமையும்

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மிருகக்காட்சிசாலை மாநகர சபைக்குச் சொந்தமானது. 1966 ஆம் ஆண்டு முதல் அது கிரிபித் பூங்காவில் இயங்கி வருகின்றது. அப்பூங்காவுக்கான நிலம் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென 1896 இல் நன்கொடையாகக் கிடைத்ததாகும்.

2008 இன் நிதி நெருக்கடியை அடுத்து வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையில் சிக்கிய நகர நிர்வாகம், இதன் முகாமைத்துவத்தைத் தனியாரிடம் ஒப்படைக்க முனைந்தது. பிரஜைகளும் தொழிற்சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அம்முயற்சி கைகூடவில்லை.

உரிமை நகரிடமே இருக்க, நிர்வாகம் மட்டும் கைமாறுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தனியாரால் நன்கொடை திரட்டுவதும் தீர்மானங்களை விரைந்து எடுப்பதும் இலகுவாகலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பொறுப்புக்கூறலின் கதி என்ன?

அங்கிருந்த யானைகள் துன்புறுத்தப்படுவதாகவும் பொதுப்பணம் விரயமாவதாகவும் 2007 இல் வரி செலுத்துவோர் என்ற தகுதியில் நகரவாசிகள் வழக்குத் தொடுத்தனர். 2012 இல் விசாரணை நீதிமன்றம் யானைகளின் பராமரிப்புத் தொடர்பில் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. 2017 இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவற்றை இரத்துச் செய்தது. வழக்குத் தோற்றது உண்மையே. எனினும், சாதாரண பிரஜைகள் நிர்வாகத்தைப் பத்தாண்டுகள் பதில் கூற வைத்தனர். செலவாவது தமது பணம் என்பதே அவர்களுக்கிருந்த பிடிமானம்.

பற்றாக்குறையை ஏதோவொரு வழியில் ஈடுசெய்துவிடலாம். கேள்வி கேட்கும் உரிமையை ஒப்பந்தமொன்றில் இழந்துவிட்டால் அதனை மீளப்பெறுவது எளிதன்று. பொதுச் சொத்துக்களைக் கைமாற்ற முனையும் ஆட்சியாளர்கள் இதனை முதலில் கருத்திற்கொள்ள வேண்டும்.