இராயப்பரும் பேதுருவும் ஒருவரே!

ராயபுரத்தைத் தெரியாதவர் சென்னையில் இருக்க முடியாது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் நிலையம் 1856-ம் ஆண்டு அங்கேதான் திறக்கப்பட்டது.

அந்த இடத்துக்கு ராயபுரம் என்ற பெயர் எப்படி வந்தது?

இராயப்பர் என்ற புனிதரின் பெயரால் வந்தது என்று சொல்வார்கள். அவர் பெயரில் அங்கே ஒரு பெரிய மாதா கோவில் இருக்கிறது. சென்னைக்குத் துறைமுகம் கட்டாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பலில் இருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் படகோட்டிகள். அந்தப் படகோட்டிகள் கட்டிய கோவில் அது.

யார் இந்த இராயப்பர்?

ஏசுநாதரின் 12 சீடர்களில் முதல்வர். வலை வீசி மீன் பிடித்துப் பிழைத்தவர்.

இதையே ஒரு புராட்டஸ்டண்டு கிறிஸ்தவரிடம் கேட்டுப் பாருங்கள். "இராயப்பரா? அவர் பெயர் பேதுரு அல்லவா!" என்பார்.

ஆள் ஒருவர்தான். பெயர்தான் இரண்டு!

இவர் ஒருவருக்கு மட்டும் அல்ல. கத்தோலிக்கர் சின்னப்பர் என்று அழைத்தவரைப் புராட்டஸ்டண்டுகள் பவுல் என்றார்கள். அங்கே அருளப்பர், இங்கே யோவான். ஏசுநாதரின் பெயரும் தப்பவில்லை. ஒரு சாரார் சேசு என்றார்கள். மறு சாரார் இயேசு என்றார்கள். கடவுளை ஒருவர் சர்வேசுரன் என்று கும்பிட்டார். மற்றவர் தேவன் என்று கும்பிட்டார்.

வேதம் ஒன்று. பேசுகிற மொழியும் ஒன்று. ஆனால் ஒரு வீட்டு ஜெபம் அடுத்த வீட்டுக்காரருக்கு அந்நியமாக இருந்தது.

இந்தப் பிளவு எங்கே பிறந்தது? தமிழ்நாட்டிலா? இல்லை.

கப்பலில் வந்த சண்டை

சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் கிறிஸ்தவ மதத்துக்குள் பெரும் சண்டை மூண்டது. ரோமாபுரியில் இருக்கும் போப்பாண்டவரை ஏற்றவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். ஏற்காதவர்கள் மறு பக்கம் போனார்கள். போனவர்களும் ஒன்றாக இருக்கவில்லை. லூத்தரன், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்டு என்று பல கிளைகளாகப் பிரிந்தார்கள்.

அந்தச் சண்டை கப்பல் ஏறி இங்கேயும் வந்தது.

போர்ச்சுக்கீசியர் கத்தோலிக்க மதத்தைக் கொண்டு வந்தார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு என்ற ஜெர்மன்காரர் 1706-ம் ஆண்டு தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் லூத்தரன். பிறகு ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்கர் என்று பலரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சீமையில் தங்கி வேலை செய்தார்கள்.

அதனால் என்ன ஆயிற்று? திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவர் ஆங்கிலிக்கன் ஆனார். மதுரைக்காரர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர் ஆனார். தரங்கம்பாடிக்காரர் லூத்தரன் ஆனார்.

இவர்கள் ஆராய்ந்து பார்த்துச் சபையைத் தேர்ந்து எடுக்கவில்லை. எந்தக் கப்பல் எந்தக் கரைக்கு வந்ததோ, அதைப் பொறுத்து இவர்களுடைய சபை அமைந்தது!

தரங்கம்பாடியில் 33 பேர்

இதை உரக்கச் சொன்னவர்கள் நம்முடைய நாட்டுக்காரர்களே.

1919-ம் ஆண்டு மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் ஒரு மகாநாடு கூடியது. வந்தவர்கள் 33 பேர். அவர்களில் இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள்.

முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அசரியா. வெள்ளாளன்விளை என்ற சிறிய ஊரில் 1874-ம் ஆண்டு பிறந்தவர். ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர் அவர்தான். அவருடன் தோள் கொடுத்து நின்றவர் வேதநாயகம் சந்தியாகு.

இந்தப் பிரிவுகளை நாம் உண்டாக்கவில்லை, வெளியில் இருந்து வந்து நம் தலையில் ஏறியவை இவை, இவற்றை இறக்கி வைப்போம் என்ற கருத்தை அந்த மகாநாடு வெளியிட்டது.

சொல்வது எளிது. செய்வதற்கு 28 ஆண்டுகள் ஆயின!

முட்டுக்கட்டை என்ன? பிஷப்தான்.

பிஷப் தலையில் கை வைத்துப் பட்டம் கொடுத்தால்தான் ஒருவர் குருவாக முடியும் என்றது ஆங்கிலிக்கன் சபை. மற்றச் சபைகளில் பிஷப்பே கிடையாது. "பிஷப் இல்லாமலே இத்தனை காலம் நடத்தினோமே! எங்கள் குருமார்கள் குருமார்கள் இல்லையா?" என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கடைசியில் இரு தரப்பும் விட்டுக் கொடுத்தன. ஏற்கனவே குருவாக இருப்பவர்கள் எல்லோரும் குருமார்களே, அவர்களுக்கு மறுபடியும் பட்டம் தேவை இல்லை என்று ஆங்கிலிக்கன் சபை இறங்கி வந்தது. இனி மேல் வருகிறவர்களுக்கு பிஷப் பட்டம் கொடுக்கட்டும் என்று மற்றச் சபைகள் இறங்கி வந்தன. அவரவர் பழகிய வழிபாட்டு முறையை அவரவர் வைத்துக் கொள்ளலாம் என்றும் முடிவு செய்தார்கள்.

நாடு சுதந்திரம் பெற்ற 43-வது நாள். 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, சனிக்கிழமை. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்தன. ஐக்கிய சபை என்பதே பிரஸ்பிட்டேரியனும் காங்கிரகேஷனலும் 1908-ம் ஆண்டு கூடிப் பிறந்தது. யாழ்ப்பாணத் தமிழர்களும் இந்த இணைப்பில் சேர்ந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்திய திருச்சபை.

பிஷப் உள்ள சபையும் பிஷப் இல்லாத சபையும் இப்படி ஒன்றானது உலகத்துக்கே புதுமை. வெள்ளைக்காரர் நாட்டில் நடக்காதது சென்னையில் நடந்தது! ஆனால் அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அவர் காலமாகி விட்டார்.

பெயரை விட்டவர்கள்

கத்தோலிக்கர் இந்த இணைப்பில் சேரவில்லை. லூத்தரன் சபையும் சேரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கத்தோலிக்கர் மற்றச் சபையாரின் ஆராதனையில் கலந்து கொள்ளத் தடை இருந்தது. அந்தக் கதவைத் திறந்தது ரோமாபுரியில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1964-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அது வெளியிட்ட ஏடு, மற்றச் சபையாரோடு சேர்ந்து ஜெபிக்கவும் வேலை செய்யவும் வழி காட்டியது.

அதன் பலன் தமிழிலும் கிடைத்தது. இரு தரப்பு அறிஞர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேதத்தைப் புதிதாக மொழிபெயர்த்தார்கள். 1995-ம் ஆண்டு "திருவிவிலியம்" என்ற பெயரில் அது வெளிவந்தது.

அதில் இராயப்பர் இல்லை, பேதுரு இருக்கிறார். சின்னப்பர் இல்லை, பவுல் இருக்கிறார். கத்தோலிக்கர், தங்கள் பாட்டனும் பாட்டியும் சொல்லிக் கொடுத்த பெயர்களை விட்டுக் கொடுத்தார்கள். இன்று அவர்களுடைய கோவில்களில் வாசிக்கப்படுவது அந்த வேதம்தான்.

எதிர்த் தரப்பில் என்ன நடந்தது? பெரும்பாலான புராட்டஸ்டண்டு வீடுகளிலும் கோவில்களிலும் பழைய வேதமே இன்னும் இருக்கிறது. பழைய தமிழின் ஓசை காதுக்கு இனியதுதான். ஆனால் ஒரு தரப்பு இரண்டு அடி எடுத்து வைத்தால், மறு தரப்பு ஒரு அடியாவது எடுத்து வைக்க வேண்டாமா? புதிய வேதத்தை வாரம் ஒரு நாள் திறந்து படித்தால் குடியா முழுகிப் போகும்?

நான்காகப் பிரியும் தெரு

இவை எல்லாம் பிஷப்புகளும் பண்டிதர்களும் பேசிய பேச்சு. சாதாரணக் குடும்பத்துக்கு இதில் என்ன?

மணலிக்குப் பக்கத்தில் மாத்தூர் இருக்கிறது. 2011-ம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். ஒரு பக்கம் மணலி ஆலைகள். சற்றுத் தள்ளி எண்ணூர், திருவொற்றியூர். பல மாவட்டத்துக்காரர்கள் பிழைப்புக்காக வந்து தங்கிய பகுதி இது. வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தங்கள் சபையையும் கொண்டு வந்தார்கள்.

ஒரு தெருவை எடுத்துக் கொள்வோம். ஒரு வீட்டில் தூத்துக்குடியில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். எதிர் வீட்டில் நாசரேத்தில் இருந்து வந்த சி.எஸ்.ஐ. குடும்பம். பக்கத்தில் பொறையாறு லூத்தரன் குடும்பம். மூலை வீட்டு மாடியில் பெந்தெகொஸ்தே ஜெபக் கூட்டம்.

வாரத்தில் ஆறு நாள் இவர்களுக்குள் பேதம் இல்லை. ஆண்கள் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பார்கள். பெண்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு நான்காகப் பிரிந்து விடும்!

அதனால் மோசம் இல்லை. அவரவர் கோவில் அவரவருக்கு. சிக்கல் வருவது கல்யாணத்தில்.

"பையன் நல்லவன்தான் அக்கா. வேலையும் நிலையான வேலை. ஆனால் நம்ம சபை இல்லையே!"

இப்படிச் சொல்லித் தட்டிப் போன சம்பந்தங்கள் எத்தனை! இருவரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் எந்தக் கோவிலில் தாலி கட்டுவது, பிறக்கும் குழந்தைக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுப்பது என்று இரண்டு வீடும் மல்லுக்கு நிற்கும். கத்தோலிக்கப் பெண் மற்றச் சபைப் பையனை மணக்க மேற்றிராணியாரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காதது அல்ல. கேட்பதற்கே பெற்றோர் கூசுகிறார்கள்.

இதில் ஒரு விந்தை. காசிமேட்டில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாரியம் கவனித்துக் கொள்கிறது. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் அந்த மண்ணில்தான் உறங்குகிறார்கள்.

செத்த பிறகு பக்கத்தில் படுக்கலாம். உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கக் கூடாதா?

வெள்ளம் சபை கேட்டதா?

2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது. மணலி, எண்ணூர் வட்டாரம் வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26-ந் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கு அடியில் போகும் குழாயில் இருந்து அமோனியா கசிந்தது. கிறிஸ்துமசுக்கு மறு நாள் அது. மக்கள் மூக்கைப் பொத்திக் கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள்.

அந்த வாயு "நீ எந்தச் சபை?" என்று யாரையும் கேட்கவில்லை. "நீ எந்த மதம்?" என்றுகூடக் கேட்கவில்லை.

சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915-ம் ஆண்டு பிறந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 12 மிஷன் சங்கங்கள் கூடித் தொடங்கிய கல்லூரி அது. ஒவ்வொரு சங்கமும் தனித் தனியே முயன்று இருந்தால் ஒன்றுகூட உருப்படியாக எழுந்து இருக்காது. ராயபுரத்துப் பக்கம் ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய ரெய்னி ஆஸ்பத்திரி இன்று சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அங்கே படுக்கை கொடுக்கும்போது யாரும் சபைச் சீட்டு கேட்பது இல்லை.

இன்னும் விட வேண்டியது

"எல்லோரும் ஒன்றாகி விட்டால் எங்கள் அடையாளம் போய்விடாதா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். 1947-லும் இந்தப் பயம் இருந்தது. ஆனால் பழைய வழிபாடு அழியவில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே முகம் இருக்க வேண்டியது இல்லை. சண்டை இல்லாமல் இருந்தால் போதும்.

உண்மையான தடை வேறு. அது சாதி.

ஐரோப்பாவில் இருந்து வந்த பிரிவுக்கு ஐரோப்பியரைக் குறை சொல்லலாம். சாதியை எந்தக் கப்பலும் கொண்டு வரவில்லை! தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறையிலேயே சாதிச் சுவர் எழுந்தது. சபை மாறிக் கல்யாணம் செய்யச் சம்மதிக்கும் பெற்றோர்கூட, சாதி மாற வேண்டும் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். அதற்கு அடுத்தது பதவி ஆசை. ஒன்றாகச் சேர்ந்த பிறகும் சபைத் தேர்தலுக்கும் சொத்துக்கும் கோர்ட்டுப் படி ஏறுவது ஓயவில்லை.

தரங்கம்பாடியில் கூடியவர்கள் வெள்ளைக்காரர் ஏற்றிய சுமையை இறக்கினார்கள். நாமே ஏற்றிக் கொண்ட சுமையை இறக்குவது யார்?

பெரிய இடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆண்டுதோறும் ஜனவரி 18-ந் தேதி முதல் 25-ந் தேதி வரை உலகின் பல நாடுகளில் கிறிஸ்தவ ஒற்றுமைக்காக ஜெப வாரம் நடக்கிறது. இந்த 8 நாளில் ஒரே ஒரு நாள், ஒரு தெருவில் உள்ள எல்லாச் சபைக் குடும்பங்களும் ஒரு வீட்டில் கூடலாம். ஒருவர் இராயப்பர் என்று சொல்லட்டும். ஒருவர் பேதுரு என்று சொல்லட்டும். ஜெபம் முடிந்ததும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பற்றிப் பேசட்டும். ஆலைப் புகையைப் பற்றி அதிகாரிகளுக்கு ஒரே மனுவாக எழுதட்டும். அந்த மனுவில் இந்துவும் முஸ்லிமும் கையெழுத்துப் போடுவார்கள்.

கூடி ஒரு வாய் காப்பி குடித்த வீடுகளுக்குள் கல்யாணப் பேச்சு எடுப்பது கடினம் அல்ல.

பிஷப்புகள் விட்டுக் கொடுக்க 28 ஆண்டுகள் ஆயின. அக்கம்பக்கத்துக்காரர்கள் மனம் வைத்தால் ஒரு மாலைப் பொழுது போதும்!