பிப்ரவரியில் நின்றுபோகும் வேதவாசிப்பு

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது நம்மில் பலர் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று வாக்குத்தத்த அட்டை. இன்னொன்று வேதவாசிப்பு அட்டவணை. 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடித்துவிடலாம் என்பது பழைய கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடல் தாண்டும்வரை வேகம் குறையாது. ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகள் வந்ததும் லேசாகக் கண் சொக்கும். எப்படியோ ஜனவரியோடு அதுவும் முடிந்துவிடும். பிப்ரவரி முதல் வாரம் லேவியராகமம். தகனபலி, கொழுப்பு, குண்டிக்காய், குஷ்டம் பார்க்கும் முறை, வீட்டுச் சுவரில் படரும் தோஷம். அங்கேதான் நிறையப் பேருடைய அட்டவணை படுத்துவிடுகிறது. பிறகு கேட்டால், "சங்கீதம் வாசிச்சிட்டிருக்கேன் பிரதர்" என்பார்கள்.

சங்கீதம் வாசிப்பது நல்லதுதான். ஆனால் படுத்த இடத்திலிருந்து சில பக்கம் தள்ளி 19-ஆம் அதிகாரம் இருக்கிறது. மொத்தம் 37 வசனம். விசுவாசத்தில் வளர வேண்டும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

கடவுள் பரிசுத்தர், ஆகவே நீங்களும் பரிசுத்தமாயிருக்க வேண்டும் என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. பரிசுத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது உபவாசம், முழங்கால், வெள்ளை உடுப்பு. அடுத்தடுத்த வரிகள் எதைப் பேசுகின்றன என்று பாருங்கள். பெற்றோருக்குக் காட்ட வேண்டிய பயபக்தி (அதிலும் அம்மாவைத்தான் முதலில் சொல்கிறது), வாராந்தர ஓய்வு, அறுவடையில் ஏழைக்கு விட வேண்டிய ஓரம், கூலி கொடுக்கும் நேரம், காது கேளாதவரைத் திட்டாமலிருப்பது, கண் தெரியாதவர் வழியில் இடறல் வைக்காமலிருப்பது, கோள் சொல்லாமலிருப்பது, நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்பது, அந்நியரை நம்மவராக நடத்துவது, தராசு, படிக்கல். கட்டளைகளின் முடிவில் திரும்பத் திரும்பக் கடவுள் தம் பெயரைச் சொல்லி முத்திரை வைக்கிறார். பலிபீடத்தைப் பற்றிப் பேசிய அதே குரல்தான் கடைத்தெருத் தராசைப் பற்றியும் பேசுகிறது.

தன்னை நேசிப்பதுபோல் அயலாரையும் நேசிக்கச் சொல்லும் புகழ்பெற்ற கட்டளையின் சொந்த ஊரும் இதுதான், 18-ஆம் வசனம். இயேசு இரண்டாவது பெரிய கட்டளையாக எடுத்துச் சொன்னது இதையே. ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதியபோது நியாயப்பிரமாணத்தின் சாரம் என்று பவுல் காட்டியதும் இதையே. நாம் அந்த ஒரு வரியைப் பிய்த்தெடுத்துச் சுவரில் மாட்டிவிட்டோம். அதைச் சுற்றியிருந்த கூலியையும் தராசையும் விட்டுவிட்டதால், அன்பு என்பது மனதுக்குள் நடக்கிற ஓர் இளக்கமாக மட்டும் நின்றுபோயிற்று.

விட்டுவிடாத ஒருவர் யாக்கோபு. எருசலேம் சபையை நடத்தியவர், இயேசுவின் சகோதரர் என்பது மரபு. அவர் பெயரிலுள்ள நிருபம் ஐந்தே அதிகாரம். 19-ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினாரோ என்று தோன்றும் அளவுக்கு அதே விஷயங்கள் வருகின்றன: முகம் பார்த்து நடத்துவது, சகோதரனுக்கு விரோதமாய்ப் பேசுவது, சத்தியம் பண்ணுவது, பிடித்து வைத்த கூலி. மார்ட்டின் லுத்தருக்கு இந்த நிருபம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு முன்னுரையில், மற்ற நிருபங்களோடு வைத்துப் பார்த்தால் இது வைக்கோல் நிருபம் என்று எழுதினார். கிரியையால் இரட்சிப்பு என்று யாராவது பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கூலி.

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது 13-ஆம் வசனம். உபாகமம் 24 இன்னும் கறாராகப் பேசுகிறது: பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான். எங்கள் பகுதியில் ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை. பந்தல், பாட்டு, இரண்டு போதகர்கள், ஜெபம் முடிந்ததும் மட்டன் பிரியாணி. கேட்டுக்கு வெளியே டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரியும் ஒரு சித்தாள் அக்காவும் நின்றிருந்தார்கள். பாக்கி வாங்க வந்தவர்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர், தசமபாகம் தவறாதவர். வெளியே வந்து, "இன்னைக்குப் போய்க் கேக்குறீங்களே மேஸ்திரி, விசேஷம் முடியட்டும், திங்கக்கிழமை வாங்க. சாப்பிட்டுப் போங்க" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். சித்தாள் மட்டும், "சாப்பாடு வேண்டாங்க ஐயா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்" என்றாள். அவர் சட்டைப்பையில் செல்போன் இருந்தது. அரை நிமிஷ வேலை. அன்று அந்த வீட்டில் வாசித்த வேதபகுதியும், பாடிய பாட்டும், அடித்த பிரதிஷ்டைக் கல்வெட்டும் அந்த அரை நிமிஷத்துக்கு ஈடாகாது. பிடித்து வைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுகிறது என்கிறார் யாக்கோபு. நம் பாட்டுச் சத்தத்தைத் தாண்டியும் அது கேட்கும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்தது ஓரம். வயலை வரப்பு வரைக்கும் ஒட்ட அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, திராட்சைத் தோட்டத்தை வழித்தெடுக்காதே. அது எளியவனுக்கும் பரதேசிக்கும். இந்தச் சட்டத்தைக் கைக்கொண்ட ஒரு நிலக்காரரின் கதைதான் ரூத்தின் புத்தகம். போவாஸ் ஒருபடி மேலே போய், கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்த விடுங்கள் என்று அறுப்புக்காரரிடம் சொல்லி வைக்கிறார். கதிர் பொறுக்க வந்த அந்த மோவாபிய விதவையின் வம்சத்தில் தாவீது பிறந்தார். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச அட்டவணையிலும் அவள் பெயர் இருக்கிறது.

நம்மில் பலருக்கு வயல் இல்லை. ஆனால் நம் பெண்கள் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். உலைக்கு அரிசி அளந்து போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை. தென்னிந்தியக் கிராமச் சபைகள் பலவற்றைத் தாங்கியது அந்தக் கலயந்தான். வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, கொடுப்பதைச் சபை வாழ்க்கையின் ஓர் அங்கமாகவே போதித்தவர். பிடியரிசியின் சிறப்பு என்னவென்றால், மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. அடுப்பு மூட்டும் முன்பே எடுப்பது. சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் இந்தக் காலத்தில், மாதக் கடைசியில் மீந்தால் கொடுப்போம் என்று இருப்பவர்களுக்கு எதுவும் மீந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஓய்வுநாள் கட்டளையும் ஓர் ஓரந்தான், நேரத்தின் ஓரம். பத்துக் கட்டளைகளில் அது வரும்போது நீ, உன் பிள்ளைகள் என்பதோடு நிற்காமல் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை வரைக்கும் போகிறது. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, மதியம் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் வீடுகளில், அந்தப் பாத்திரங்களைக் கழுவும் அம்மாவுக்கு எந்தக் கிழமை ஓய்வு? "அவங்க வேற மதம்" என்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். மாட்டுக்கு என்ன மதம் என்று கேட்க வாய் வரை வந்தது.

நாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாக்கோபே ஒரு முழு அதிகாரம் எழுதியிருக்கிறார். நம் சபைகளில் கோள் சொல்லுதல் ஒரு பக்தி வேஷம் போட்டு வரும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். "அக்கா, யார்ட்டயும் சொல்லாதீங்க, ஜெபத்துல வெச்சுக்கோங்க" என்று தொடங்கும் செய்தி, இரவுக்குள் நாலு வாட்ஸப் குழுக்களின் ஜெபத்தில் இருக்கும்.

இருக்கைக்கு வருவோம். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும் கந்தல் உடுத்தவருக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு நேரடியாகவே கண்டிக்கிறார். 19-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனம், பெரியவன் முகத்தைப் பார்க்காதே என்பதோடு, இரக்கப்பட்டு ஏழைப் பக்கம் நியாயத்தைச் சாய்க்காதே என்றும் சொல்லும் அளவுக்கு நேர்மையானது. தமிழ்ச் சபைகள் இந்தப் பாடத்தில் தேறவில்லை. கிறிஸ்தவர்களுக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபையார் பலர் கொதித்தெழுந்தார்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயில், ஒரே பீடம், இரண்டு சாதிப் பிரிவுகளுக்குத் தனித்தனிக் கைகள் என்று பிரிந்திருந்தது. கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வாங்கிற்று. 1910 வாக்கில் நடுவிலிருந்த பிரிவை எடுத்ததற்கு வழக்கும் கலகமும் நடந்தன. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் இன்றும் சுவர் நிற்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் மக்கள்தான் அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

இப்போது லுத்தரின் பயம். இதெல்லாம் செய்தால்தான் இரட்சிப்பா? இல்லை. லேவியராகமம் யாத்திராகமத்துக்குப் பிறகு வருகிறது என்பதைக் கவனித்தாலே போதும். முதலில் எகிப்திலிருந்து விடுதலை, பிறகுதான் கட்டளை. 19-ஆம் அதிகாரமே, நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள், அங்கிருந்து உங்களைக் கொண்டுவந்தேன் என்று நினைவூட்டித்தான் அந்நியனை நேசிக்கவும் சரியான படியை வைக்கவும் சொல்கிறது. சகேயு வீட்டிலும் அதே வரிசை. இயேசு தாமாகவே அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். அதன் பிறகுதான் பாதிச் சொத்து ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதற்கு நாலத்தனையும் என்ற பேச்சு வந்தது. பவுலும் யாக்கோபும் ஒரே ஆபிரகாமை உதாரணம் காட்டுகிறார்கள். விசுவாசம் எப்படித் தொடங்கிற்று என்று பவுல் காட்டுகிறார்; அது உயிரோடிருக்கிறதா என்று யாக்கோபு நாடி பிடித்துப் பார்க்கிறார்.

வேதவாசிப்பை யாரும் நிறுத்த வேண்டாம். லேவியராகமத்தில் நின்றவர்கள் 19-இலிருந்து தொடரட்டும். ஒரே மூச்சில் 37 வசனத்தையும் ஓட்டிவிடாமல், வாரம் ஒரு கட்டளை என்று வைத்துக்கொள்ளலாம். கூலி என்றால் அந்த வாரம் யாருக்கும் பாக்கி வைக்காமலிருப்பது. கோள் என்றால் ஒரு செய்தியையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடாமலிருப்பது. வருஷக் கடைசியில், வளர்ந்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. அதைப் போதகரிடமோ ஜெபக்குழுவிடமோ கேட்காதீர்கள். அவர்கள் நம்மை ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தவர்கள். நம்மிடம் சம்பளம் வாங்குகிறவரையும், நம் வீட்டு மருமகளையும், நம் கடையில் கடன் சொல்லி வாங்கிப் போகிறவரையும் கேட்கலாம். அவர்கள் தரும் பதிலில் தயக்கம் இருந்தால், அடுத்த வருஷமும் அதே அதிகாரம்.