வேஷம் ஒன்று, முகம் வேறு

இரவுச் சாப்பாடு முடிந்து டெலிவிஷன் முன் உட்கார்ந்தால், நேற்று வரை பார்த்த முகத்தைக் காணோம்! "இவளா முல்லை?" என்று முகத்தைச் சுளித்த பாட்டிகள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எத்தனை பேரோ!

2018 முதல் 2023 வரை நடந்த 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லைக்கு மூன்று முகங்கள். முதலில் நடித்த சித்ரா 2020 டிசம்பரில் காலமானார். அடுத்து காவ்யா அறிவுமணி, பிறகு லாவண்யா. 'எதிர்நீச்சல்' தொடரில் குணசேகரனாக அதட்டிய மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ந் தேதி மறைந்ததும், எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார்.

வேஷம் கைமாறுவது காவிரிக் கரைக்குப் புதிதல்ல. மெலட்டூர் பாகவத மேளாவில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பிரகலாதன் கதை நடக்கும். தலைமுறைதோறும் ஆடுகிறவர்கள் மாறுவார்கள். நரசிம்மரின் முகமூடியோ பூஜைக்குரியது. யார் அணிந்தாலும் ஜனங்களுக்கு அவர் நரசிம்மரே.

டெலிவிஷனில் முகமூடி ஏது? முகமேதான் பாத்திரம். அதுவும் தினந்தோறும், நம் வீட்டுக் கூடத்திலேயே! அதனால்தான் மனம் ஒப்ப மறுக்கிறது. போனவரை நினைத்துக் கண்கலங்குவது நியாயமே. ஆனால் புதிதாக வந்தவர் என்ன பாவம் செய்தார்? போனவரோடு ஒப்பிடப்படுவதன் சங்கடத்தை, இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்ணைக் கேட்டால் சொல்வாள். அவளுக்குக் கொடுக்கும் அவகாசத்தை இவர்களுக்கும் கொடுப்போமே!

அந்தப் பாட்டியும்தான் ஒரு மாதம் போனபின் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஏண்டி, முல்லை வந்துட்டாளா?"