கட்சிக்கு ஓட்டு போடுங்க, கட்சியை நம்பி பேங்க் ஷேர் வாங்காதீங்க



போன வாரம் பூத் கமிட்டி கூட்டம் முடிஞ்சு டீ குடிச்சிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நீங்க இன்ஜினியரிங் படிச்சவர், ஐடி விங்ல வேற இருக்கீங்க. மார்க்கெட் ஆடிட்டே இருக்கு. இப்ப பேங்க் ஷேர் வாங்கலாமா? யார் ஜெயிச்சா எது ஏறும்?"

நான் பதில் சொல்றதுக்குள்ள சுத்தி இருந்த நாலு பேர் சொல்லிட்டாங்க. "நம்ம ஆளுங்க வந்தா ராக்கெட்டுடா!"

அந்த தம்பிக்கு அன்னைக்கு சொல்லாம விட்டதைத்தான் இப்போ எழுதுறேன். நான் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் கிடையாது. சொந்தக் காசை விட்டுப் பாடம் படிச்சவன், அவ்வளவுதான்.

2024 ஜூன் 1, சனிக்கிழமை சாயங்காலம். எக்ஸிட் போல் வந்தது. பெரும்பாலான சேனல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் போட்டன. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் சென்செக்ஸ் பாய்ந்தது. அன்று முடியும்போது 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறி 76,469. ஸ்டேட் பேங்க் பங்கு மட்டும் ஒரே நாளில் சுமார் 9 சதவீதம் ஏறியது.

அப்போ எனக்கு வேலை கிடைச்சு ரெண்டாவது வருஷம். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்காக 60,000 ரூபாய் எடுத்து வெச்சிருந்தேன். ஃபீஸ் கட்ட இன்னும் ஒரு மாசம் இருந்தது. "அதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு எடுத்துடலாம்"னு ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கை வாங்கிட்டேன். ஒரு பேலன்ஸ் ஷீட்டும் பார்க்கலை. டிவியில ஓடுன நம்பரைத்தான் பார்த்தேன்.

மறுநாள் ஜூன் 4. கட்சி அலுவலகத்துல எல்லாரும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கத்திட்டு இருக்காங்க, நான் மூலையில போனைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். பாஜகவுக்குத் தனியா 272 வரலை, 240-ல் நின்னது. சென்செக்ஸ் அன்னைக்கு ஒரு கட்டத்துல 6,000 புள்ளிகளுக்கு மேல் சரிஞ்சு, கடைசியில 4,390 புள்ளி இழப்போட 72,079-ல் முடிஞ்சது. ஸ்டேட் பேங்க் பங்கு சுமார் 14 சதவீதம் விழுந்தது. நான் மத்தியானமே பயந்து போய் வித்துட்டேன். பத்தாயிரம் ரூபாய் போச்சு. வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 76,693-ல் முடிஞ்சது, விழுந்ததையெல்லாம் எடுத்துட்டு அதுக்கும் மேல!

தோழர்களே, இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. திங்கள்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவுல அந்த வங்கிகளுக்கு என்ன ஆச்சு? ஒரு கிளை மூடலை. ஒரு கடன் புதுசா கெட்டுப் போகலை. டெபாசிட் போட்டவங்க யாரும் ஓடலை. அதே கூட்டணிதான் மறுபடியும் ஆட்சி அமைச்சது. மாறினது சந்தையோட எதிர்பார்ப்பு மட்டும்தான்.

அப்புறம் ஏன் வங்கிப் பங்கு மட்டும் இவ்வளவு ஆடுது? மூணு காரணம்.

ஒண்ணு, பொதுத்துறை வங்கியில பாதிக்கு மேல் பங்கு அரசாங்கத்தோடது. தனியார்மயம், கடன் தள்ளுபடி, புது மூலதனம்னு எல்லாத்துலயும் அரசின் கை இருக்கு. அதனால ஆட்சி ஆட்டம் காணும்னு சந்தை நினைச்சா முதல் அடி அங்கதான்.

ரெண்டு, சந்தைக் குறியீடுகள்ல பெரிய பங்கு நிதி நிறுவனங்களோடது. வெளிநாட்டு முதலீட்டாளர் பதறி வெளியேறும்போது எதைச் சுலபமா விக்க முடியுமோ அதைத்தான் விப்பார். அது பெரிய வங்கிப் பங்குதான்.

மூணு, வங்கிகள் தங்கள் டெபாசிட் பொறுப்பில் குறைந்தது 18 சதவீதத்தை அரசுக் கடன் பத்திரம் போன்றவற்றில் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நிச்சயமின்மை வந்து சந்தையில் வட்டி ஏறினால், கையில் இருக்கும் பழைய பத்திரத்தின் மதிப்பு இறங்கும். அதுவும் வங்கி லாபத்தைத்தான் கடிக்கும்.

இதெல்லாம் குறுகிய கால ஆட்டம். வங்கியோட உண்மையான தலையெழுத்து வேற இடத்துல இருக்கு. ஸ்டேட் பேங்கையே எடுத்துக்கோங்க. 2018 மார்ச்சில் அதன் மொத்த வாராக்கடன் 10.91 சதவீதம், அந்த நிதியாண்டில் 6,547 கோடி ரூபாய் நஷ்டம். 2024 மார்ச்சில் வாராக்கடன் 2.24 சதவீதம், ஆண்டு லாபம் 61,077 கோடி. பங்கு விலை நீண்ட காலத்தில் போனது இந்தக் கணக்கின் பின்னாலதான். இது ஒரு நாள் டிவி விவாதத்துல தெரியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற காலாண்டு அறிக்கையில தெரியும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல நிறையப் பேர் குழப்பிக்கிற விஷயம். "பேங்க்தானே, எங்க போயிடும்?"

டெபாசிட் வேற, ஷேர் வேற. கரூரைக் கேளுங்க. 1926-ல் கரூர் வணிகர்கள் சேர்ந்து தொடங்கினது லட்சுமி விலாஸ் வங்கி. வாராக்கடன் ஏறி, மூலதனம் கரைஞ்சு, 2020 நவம்பர் 17-ல் அந்த வங்கி மேல் தடை வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டிபிஎஸ் வங்கியோட இணைச்சாங்க. டெபாசிட் போட்டவங்க பணம் முழுசா தப்பிச்சது. ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு என்ன கிடைச்சது தெரியுமா? பூஜ்ஜியம். பங்கு மூலதனம் முழுசும் எழுதித் தள்ளப்பட்டது. தலைமுறை தலைமுறையா பத்திரமா வெச்சிருந்த ஷேருக்கும் அதே கதிதான். அதுக்கு எந்தத் தேர்தல் முடிவும் காரணமில்லை.

ஏன் இப்படி ஆகுதுன்னா, வங்கி ஓடுறது பெரும்பாலும் அடுத்தவங்க காசுல. ஒரு உதாரணத்துக்கு, 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிற வங்கியில பங்குதாரர் காசு 12 ரூபாய்தான்னு வெச்சுக்கோங்க. அந்த 100-ல் 10 ரூபாய் வராமலே போயிட்டா டெபாசிட்தாரருக்கு ஒண்ணும் தெரியாது. பங்குதாரர் காசுல 10 ரூபாய் காலி. டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஷேருக்கு எந்தக் காப்பீடும் கிடையாது.

அதனால வங்கிப் பங்கு வாங்கணும்னு நினைக்கிற தம்பி, தங்கச்சிகள் யார் ஜெயிப்பார்னு கேக்குறதை விட்டுட்டு இதைக் கேளுங்க. மொத்த வாராக்கடன் எவ்வளவு, நாலு காலாண்டா ஏறுதா இறங்குதா? மூலதன விகிதம் ரிசர்வ் வங்கி கேக்குற அளவுக்கு மேல தாராளமா இருக்கா? சேமிப்பு, நடப்புக் கணக்குப் பணம் எவ்வளவு, இல்ல அதிக வட்டி கொடுத்துத்தான் டெபாசிட் பிடிக்குதா? யாருக்குக் கடன் கொடுத்திருக்கு, நாலு பெரிய கம்பெனிக்கா, ஆயிரக்கணக்கான சின்ன ஆட்களுக்கா? எல்லா விவரமும் வங்கியோட இணையதளத்துல இலவசமா கிடைக்குது.

கடைசியா உங்களையே ஒண்ணு கேட்டுக்கோங்க. நாளைக்கே இது 15 சதவீதம் விழுந்தா என்னால மூணு வருஷம் தொடாம இருக்க முடியுமா? முடியாதுன்னா அந்தப் பணம் ஷேருக்கான பணம் இல்லை. ஃபீஸ் பணம், கல்யாணப் பணம், நகையை அடகு வெச்ச பணம் எதுவும் அங்க போகக் கூடாது. ஆப்ஷன் பக்கம் தலை வெச்சே படுக்காதீங்க. 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதா செபியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கு. தேர்தல் நாள்ல அதுல இறங்குறது பணத்தைக் கொளுத்துறதுக்குச் சமம்.

இப்போ நம்ம வீட்டு விஷயம். ஐடி விங்ல நாமளே என்ன பண்றோம்? சந்தை ஏறினா "நம்ம தலைவர் மேல் நம்பிக்கை"னு ஒரு போஸ்டர். இறங்கினா "எதிரணியால் வந்த வினை"னு ஒரு போஸ்டர். நானும் போட்டிருக்கேன். ஒரு நாள் கிராஃபை வெட்டி ஒட்டுறதுக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனா அதை நம்பி ஒரு தோழர் தன் சேமிப்பைக் கொண்டு போய்க் கொட்டினா? அவருக்கு நம்ம மேல இருக்குறது அரசியல் நம்பிக்கை. அதை வெச்சு அவர் காசோட விளையாட நமக்கு உரிமை கிடையாது. இனிமே என் கையால ஒரு நாள் சந்தைக் கிராஃப் போட்டு போஸ்டர் வராது. மத்த மாவட்டத் தோழர்களும் நிறுத்தணும்னு கேட்டுக்குறேன். இதை எழுதி எங்க ஒருங்கிணைப்பாளர்கிட்ட காட்டினேன். ஒரு தடவை படிச்சுட்டு, "போடு தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

கட்சி ஜெயிக்கணும்னு ஆசைப்படுங்க, உழைங்க, தெருத் தெருவாப் போங்க. அந்த ஆசையோட டீமேட் கணக்கைத் திறக்காதீங்க. ஜெயிக்கணும்னு நாம ஆசைப்படும்போது, ஜெயிச்சிடுவோம்னே மனசு கணக்குப் போட்டுடும். எனக்கு அன்னைக்கு ஆனது அதுதான்.

தங்கச்சி ஃபீஸை அந்த வருஷம் நண்பன்கிட்ட கைமாத்து வாங்கித்தான் கட்டினேன். அவளுக்கு இன்னும் இது தெரியாது. இதைப் படிச்சா தெரிஞ்சுடும், பரவாயில்லை.

உங்க வட்டத்துல ஷேர் வாங்கத் துடிக்கிற தம்பி யாராவது இருந்தா, இதை அவருக்கு அனுப்பி வைங்க.

தோழமையுடன்,
தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஒருவன்