பேஜ் மருந்து: பணக்காரனுக்கு மட்டும்தானா?

ஆறாத புண்ணுடன் கோவை அரசு மருத்துவமனைக்கு வரும் விசைத்தறித் தொழிலாளிக்கு எந்த ஆண்டிபயாடிக்கும் கேட்கவில்லை என்றால் என்ன வழி? பணமுள்ளவன் ஜியார்ஜியாவின் திபிலிசி நகரத்துக்கு விமானம் ஏறி, பேஜ் வைத்தியம் செய்துகொள்கிறான். தறி ஓட்டுபவன் எங்கே போவான்?

பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்து வெளியேறும் வைரஸ்தான் பேஜ். அது கடல் கடந்து வரவேண்டிய அதிசயமல்ல. நொய்யலில் கலக்கும் சாக்கடையிலும் இருக்கிறது. கங்கை நீர் காலராக் கிருமியைக் கொல்வதை 1896லேயே ஹாங்கின் எழுதினார். பேஜுக்குப் பெயரிட்ட தெரேல் 1927ல் இந்தியாவுக்கே வந்து காலரா நோயாளிகளிடம் சோதித்தார். 1923ல் எலியாவா தொடங்கிய திபிலிசி நிலையம் சோவியத் காலத்தில் பேஜ் மருந்து தயாரித்தது, இன்றும் தயாரிக்கிறது.

"ஒவ்வொருவர் கிருமிக்கும் பொருத்தமான பேஜைத் தேடவேண்டும், சோதனைகள் போதவில்லை" என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் பேஜ் வங்கியும் சர்க்கார் செலவில் சோதனையும் வேண்டும் என்கிறோம்! இயற்கையில் கிடப்பதற்கு ஏகபோகப் பேடண்ட் எளிதில் கிடைக்காது. எனவே கம்பெனிகள் தயங்குகின்றன. நோயாளிக்கேற்ற பேஜ் மருந்தை மருந்தகத்திலேயே தயாரிக்க 2018ல் பெல்ஜியம் வழி செய்ததே, நம் சர்க்காருக்கு என்ன தடை?

மருந்துக் கடையில் கண்டதை வாங்கி விழுங்கும் ஏழைதான் குற்றவாளி என்று உபதேசம் செய்கிறார்கள். மனிதனுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக் கோழிகளுக்குக் கொடுப்பது 2019ல்தான் தடைசெய்யப்பட்டது. அதுவரை லாபம் பார்த்தது யார்? பல்லடத்தில் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்க்கும் விவசாயிக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருவது கம்பெனிதானே! மருந்துக்கு அடங்காத கிருமிகள் 2019ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் உயிர்களைக் குடித்தன.

கோவைக்கு மேலே குன்னூரில், 1907 முதல் நாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் நிலையம் இருக்கிறது. 2008ல் அதன் உரிமத்தை நிறுத்திவைத்து உற்பத்தியை முடக்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே 2010ல் தடை விலக்கப்பட்டது. பொதுத்துறையை மதிக்கும் லட்சணம் இது!

நாம் கோருவது இதுதான்: குன்னூரில் பேஜ் வங்கி அமைக்க வேண்டும். கோவை அரசு மருத்துவமனையில் முறையான சோதனை நடத்தவேண்டும். தேறிய மருந்தை இலவசமாகக் கொடுக்கவேண்டும். சாக்கடையில் கிடைப்பதைச் சீமான்களின் சொத்தாக்க விடமாட்டோம்!