நிரப்பினால் மட்டும் போதுமா?

பெயரினாலேயே சில பொருள்களுக்கு அநீதி நேர்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கிலும் இரப்பரிலும் கலக்கும் பொடிகளை 'நிரப்பி' என்கிறோம். மூட்டையின் இடத்தை அடைக்கும் பதரைப் போன்றது என்ற எண்ணமே அச்சொல்லைக் கேட்டதும் எழுகிறது. இதிலிருந்து இரண்டு தவறான கொள்கைகள் பிறந்திருக்கின்றன. ஒன்று கடைத்தெருவில் வழங்குவது. மற்றொன்று ஆய்வுக்கூடங்களில் வழங்குவது.

விடுதியில் ஒரு வாளியின் காது உடைந்தால், "சுண்ணாம்புப் பொடியைக் கலந்து ஏமாற்றிவிட்டான்" என்கின்றனர் நண்பர்கள். நிரப்பி என்றாலே கலப்படம் என்பது கடைத்தெருக் கொள்கை. எந்தப் பொடியைக் கலந்தாலும் ஏதேனும் ஒரு குணம் உயரும், அந்த உயர்வே ஆராய்ச்சி என்பது ஆய்வுக்கூடக் கொள்கை. இரண்டாவதே அதிகத் தீங்கானது என்பது என் கருத்து. ஏனெனில், அதைக் கைக்கொள்பவர்கள் படித்தவர்களாகிய நாம்.

முதற்கொள்கைக்கு விடை நம் சைக்கிள் டயரிலேயே இருக்கிறது. தொடக்கக் காலத்து டயர்கள் கறுப்பாக இருந்ததில்லை. 1904-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த சில்வர்டவுன் ஆலையில் மோட் என்பவர், கரிப்புகையைக் கலந்தால் இரப்பரின் வலிமை மிகுவதைக் கண்டார். அதன்பின் டயரின் ஆயுள் பன்மடங்கு நீண்டது. ஆனால் எல்லாக் கரியும் இந்த வேலையைச் செய்வதில்லை. டயருக்குரிய கரித்துகளின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ மூன்று கூறு. அதைப்போல் பத்து மடங்கு பருத்த துகளை அதே எடையில் கலந்தால் அந்த வலிமை கிட்டாது. துகள் பருக்கப் பருக்க, இரப்பரைத் தொட்டுப் பிடிக்கும் மேற்பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நிரப்பியின் பலம் அதன் அளவில் மட்டும் இல்லை. அது பாலிமரைப் பற்றிக்கொள்ளும் பிடியில் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கொள்கைக்கு வருவோம். கடினமான துகள் வளைந்து கொடுக்காது. ஆகவே பிளாஸ்டிக்கில் எதைக் கலந்தாலும் விறைப்பு உயரும். இது எளிதில் கிடைக்கும் வெற்றி. இதற்குரிய விலையைப் பெரும்பாலும் நீட்சியில் கொடுக்கிறோம். பிடி சரியில்லாத இடத்தில் துகள் பாலிமரைவிட்டு விலகுகிறது. அங்கே வெற்றிடம் தோன்றுகிறது. நன்கு பரவாமல் கட்டி கட்டியாக நின்ற பொடியோ விரிசலுக்குத் தொடக்கமாகிறது. விறைப்பை மட்டும் வரைபடத்தில் காட்டிவிட்டு, அடிதாங்கும் திறனைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது, வரவை எழுதிச் செலவை மறைக்கும் கணக்கு.

மற்றொரு குழப்பமும் உண்டு. பாலிபுரோப்பிலீனில் எடைக்கு நூற்றுக்கு 20 பங்கு சுண்ணாம்புக்கல் பொடி கலந்தால், கன அளவில் அது 8 பங்குகூட ஆகாது. கல்லின் அடர்த்தி 2.7, பிளாஸ்டிக்கின் அடர்த்தி 0.9. விறைப்பை நிர்ணயிப்பது கன அளவே. உமிச்சாம்பலையும் கல்பொடியையும் எடைக்கு எடை ஒப்பிட்டு, இது சிறந்தது, அது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது, படிக்கணக்கையும் நிறைக்கணக்கையும் ஒன்றாகக் கலப்பதாகும்.

நெல் உமி, தென்னை நார், மரத்தூள் ஆகியவற்றைப் பயனாக்க வேண்டும் என்ற ஆர்வம் நம் மாணவரிடையே பெருகியிருப்பது மகிழத்தக்கது. தென்னையை அறிந்த நமக்கு அந்த ஆர்வம் இயல்பானதே. ஆனால் நார் நீரை விரும்பும். பாலிபுரோப்பிலீன் நீரை வெறுக்கும். இரண்டையும் இணைக்க, மாலீயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரோப்பிலீன் போன்ற இணைப்புப் பொருள் வேண்டும். அதனைச் சேர்க்காமல், ஒரு மழைக்காலத்து ஈரத்தையும் சோதிக்காமல், "கழிவிலிருந்து செல்வம்" என்று தலைப்பிடுவது பொறுப்பாகாது. நாளை அந்தப் பொருளில் செய்த நாற்காலியில் ஒரு முதியவர் உட்காரக்கூடும். அவருக்கு நம் வரைபடத்தின் உச்சிப்புள்ளியால் பயனில்லை.

நான் வேண்டுவன நான்கே. கலக்காத பாலிமரின் அளவுகளை முதலில் தருக. கன அளவையும் குறிப்பிடுக. விறைப்போடு இழுவலிமை, நீட்சி, அடிதாங்கும் திறன் மூன்றையும் சேர்த்துத் தருக. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து மாதிரிகளையாவது சோதித்து, அவற்றுக்கிடையேயுள்ள வேறுபாட்டையும் மறைக்காது எழுதுக. இதற்குப் புதுக்கருவி ஏதும் வேண்டியதில்லை. சில நாள் உழைப்பே மிகுதி.

"இவ்வளவும் செய்தால் பட்டம் தாமதமாகும்" என்று சிலர் சொல்லக்கூடும். ஆகட்டும். சில நாள் தாமதத்தைத் தாங்கிக்கொள்ளலாம். உடையும் நாற்காலியைத் தாங்கிக்கொள்ள முடியாது. அடுத்த முறை நண்பர் ஒருவர் உயர்ந்து செல்லும் கோடு ஒன்றைப் பெருமையோடு காட்டும்போது பாராட்டுங்கள்; உடனே, "இது எவ்வளவு அடி தாங்கியது?" என்றும் கேளுங்கள்.