அழுக்குக்கும் ஆதாரம் வேண்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வருவதற்குள், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் என்னை மாடிக்கு அழைத்துப் போய்த் தன் கைவேலையைக் காட்டினான். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த மாதிரி விமானம் அது. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய 'மாஸ்கிட்டோ'. அசலில் 72-இல் ஒரு பங்கு. அசல் விமானத்தின் சிறகு, முனைக்கு முனை 54 அடி 2 அங்குலம். பையன் செய்தது சரியாக ஒரு சாண்!

வேலை வெகு நேர்த்தி. ஒட்டிய இடம் தெரியவில்லை. ஏர்பிரஷ்ஷால் அடித்த வர்ணம் பனிபோலப் படிந்திருந்தது. ஆனால் சிறகிலும் உடலிலும் எங்கே பார்த்தாலும் வெள்ளி நிறத்தில் கீறல்கள். பூனை பிறாண்டியதுபோல் இருந்தது.

"தம்பி, இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"இதற்குப் பெயர் வெதரிங், மாமா. வெயிலிலும் மழையிலும் அடிபட்ட தோற்றம். வர்ணம் உரிந்து, அடியில் இருக்கும் அலுமினியம் தெரிகிறது."

"அடியில் அலுமினியம் ஏது? அது மரத்தால் செய்த விமானமாயிற்றே!"

பையன் ஒரு கணம் திகைத்தான். பிறகு, "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், மாமா. பார்க்க நன்றாக இருக்கிறதல்லவா?" என்றான்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுதத் தூண்டியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெதரிங் கூடாது என்பது என் கட்சி அல்ல. பளபளவென்று புது வர்ணத்தோடு நிற்கும் போர் விமானம் பொம்மைக் கடை அலமாரியைத்தான் நினைவூட்டும். புகையும் எண்ணெயும் புழுதியும் பட்ட பிறகுதான் அது பறந்த விமானமாகத் தோன்றும். ஆகவே அழுக்கு அவசியம். ஆனால் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டால் செய்தவர் பதில் சொல்ல வேண்டும். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது பதில் ஆகாது.

மாஸ்கிட்டோவையே எடுத்துக்கொள்வோம். 1940 நவம்பர் 25-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தின் உடல், பர்ச் மரப் பலகைகளுக்கு நடுவே லேசான பால்சா மரத்தை வைத்து ஒட்டியது. அதன்மேல் 'மடப்பொல்லம்' என்ற மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தி வர்ணம் பூசினார்கள். இந்தத் துணியின் பெயர் நம் பக்கத்து ஊர்ப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. கோதாவரிக் கரையில் நரசாபுரத்தை அடுத்த மாதவாயபாளையத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு துணிக் கிடங்கு இருந்தது. அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் நாவில் புரட்டியதால் வந்ததுதான் மடப்பொல்லம்! மரமும் துணியுமான சிறகில் உலோகத் தகடு எப்படிப் பளிச்சிடும்? இஞ்சினை மூடியிருக்கும் தகடுகள் உலோகம். அங்கே இரண்டொரு கீறல் இருந்தால் நியாயம் உண்டு.

கறைகளுக்குக் காரணம் தேடிப் போனால் எத்தனை விஷயங்கள் தெரியவருகின்றன, பாருங்கள். இஞ்சினில் பெட்ரோல் அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் கலந்து எரிந்தால் கரும்புகை படியும். நெடுந்தூரம் சிக்கனமாகப் பறந்தால், பெட்ரோலில் கலந்த ஈயம் வெளிறிய சாம்பல் நிறமாகப் படியும். ஆகவே புகைக்கறை என்றவுடன் கறுப்பைக் கையில் எடுப்பது தவறு. அமெரிக்கக் கடற்படையின் 'கோர்சேர்' விமானத்தில் பெட்ரோல் தொட்டி விமானிக்கு முன்னால் இருந்தது. அது கசிந்து கண்ணாடியில் தெறிக்காதபடி, தகடுகளின் இணைப்புகள்மேல் வெள்ளை நாடாவை ஒட்டினார்கள். மாதிரியில் அந்த வெள்ளைக் கோடுகளைப் போடுகிறவர் ஒரு தொல்லையையும் அதற்குச் செய்த உபாயத்தையும் சேர்த்தே காட்டுகிறார்.

அளவுக் கணக்கும் முக்கியம். 72-இல் ஒரு பங்கு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் கீறல் போட்டால், அசலில் அது 7.2 சென்டிமீட்டர், ஏறக்குறைய உள்ளங்கை அகலம். கையகலத்துக்கு வர்ணம் பெயர்ந்த இடங்கள் நூறு இருந்தால், அந்த விமானத்தைப் பறக்க விடுவார்களா? தகடுகள் சேரும் கோடுகளில் கறுப்பை ஊற்றி எடுத்துக் காட்டும் வழக்கமும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் கறுப்புக் கோடு அசலில் 3.6 சென்டிமீட்டர் சந்து. அதற்குள் விரலை நுழைக்கலாம்!

'மஸ்டாங்' விமானத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, அதன் சிறகின் முன்பகுதியில் இருந்த இணைப்புகளையும் ஆணித் தலைகளையும் தொழிற்சாலையிலேயே மக்கு வைத்து அடைத்துத் தேய்த்து, வெள்ளி வர்ணம் பூசினார்கள். தொழிலாளிகள் பாடுபட்டு மறைத்த கோடுகளை, நாம் மெனக்கெட்டுக் கறுப்பு மை தடவி வெளியே கொண்டுவருகிறோம்.

அப்படியானால் பயந்துகொண்டு எல்லாவற்றையும் சுத்தமாக விட்டுவிடலாமா? அதுவும் தவறுதான். ஜப்பானிய ராணுவத்தின் 'ஹியென்' விமானங்கள் பல தொழிற்சாலையிலிருந்து வர்ணமில்லாத அலுமினியமாகவே வந்தன. பச்சை வர்ணத்தைப் பிறகு களத்தில் பூசினார்கள். அடிப்பூச்சு இல்லாத வர்ணம் எத்தனை நாள் நிற்கும்? 1943, 1944-ஆம் ஆண்டுகளில் நியூ கினிப் பக்கம் எடுத்த புகைப்படங்களில் அவை சொறி பிடித்ததுபோல் உரிந்து நிற்பதைக் காணலாம். அங்கே தாராளமாக உரியுங்கள், ஆட்சேபம் இல்லை. வெள்ளியை அடியில் பூசி, தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயை அதன்மேல் அடித்து, பிறகு பச்சை பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்தால் அசல்போலவே உரியும். உப்புக் கல்லை ஒட்டவைத்து வர்ணம் அடித்துப் பிறகு உதிர்ப்பதும் நல்ல வழி.

"இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே? இதற்குப் போய் இத்தனை வியாக்கியானமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் காசு, என் பொம்மை, என் இஷ்டம் என்றால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மாதிரி செய்கிறவர் தம் வேலையைப் பிறர் பார்வைக்கு வைக்கும்போது, "அது இப்படித்தான் இருந்தது" என்று சொல்லாமல் சொல்கிறார். பார்க்கிற குழந்தை அதை நம்புகிறது. அந்த விமானங்களை ஓட்டியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். இரவெல்லாம் விழித்து இஞ்சினைப் பழுது பார்த்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் புத்தகங்களில் இல்லை. சிறகின் அடியில் அவர்களுடைய பூட்ஸ் தேய்த்த இடமும், மூடியைத் திறந்து திறந்து வர்ணம் போன விளிம்பும்தான் அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து. அதை அழித்து நம் இஷ்டத்துக்குக் கிறுக்குவது சரியா?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை சுருக்கமானது. தூரிகையை எடுக்குமுன் குறிப்பிட்ட ஒரு விமானத்தின் புகைப்படத்தைத் தேடி எடுங்கள். யுத்த காலத்துப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான். அவை நிறத்தைச் சொல்லாவிட்டாலும், கறை எந்த இடத்தில், எந்தப் பக்கமாக ஓடியது என்பதைச் சொல்லும். வர்ணம் காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் அடித்து, சின்னங்களை ஒட்டி, பிறகே கறைகளைத் தொடங்குங்கள். கோடுகளுக்குக் கறுப்பு வேண்டாம்; அடிவர்ணத்தைவிடச் சற்றே அடர்ந்த நிறம் போதும். புகையும் எண்ணெயும் காற்று போகும் திசையில், முன்னிருந்து பின்னாக இழுபட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று கை துடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கடைசியில் மங்கல் வார்னிஷ்.

நேற்று அந்தப் பையன் டெலிபோனில் பேசினான். சிறகிலும் உடலிலும் இருந்த வெள்ளிக் கீறல்களை மூடிவிட்டானாம். இஞ்சின் மூடியில் மட்டும் இரண்டை விட்டுவைத்திருக்கிறானாம். வைப்பதற்கு முன், "மாமா, இஞ்சினைப் பார்க்க வரும் மெக்கானிக் எந்தப் பக்கமாக ஏறி நிற்பார்?" என்று கேட்டான்.

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றேன். படம் தேடிப் பார்க்கிறேன் என்றான். பையன் தேறிவிட்டான்.